முனியாண்டியின் துவக்கு

முனியாண்டி சாமியை நான் எடுத்த முதல் படத்தில் சாமியே தெரியவில்லை. புது வேட்டி, அதன் மேல் சிவப்புத் துண்டு, கழுத்திலிருந்து முழங்கால் வரை சாமந்தி மாலைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மீசை. வேட்டிக்கும் மாலைக்கும் அடங்காமல் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது துவக்கின் சுடுகுழல் மட்டும்தான்.

இரண்டாவது முறை போனபோதும் அப்படித்தான். கெமராவை வெளியே எடுத்ததும் பூசாரி கையைக் காட்டி நிற்கச் சொன்னார். வீட்டுக்குப் போய்த் தேங்காய் எண்ணெயும் வேட்டியும் கொண்டுவந்தார். சாமிக்குச் சாதாரண நாளில் இடுப்பிலிருந்து தரை வரை ஒரு சாயம்போன சிவப்புத் துணி மட்டும்தான். அப்படியே எடுக்கிறேன், அதுதான் எனக்கு வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"போட்டோவுக்கு நிக்கிறப்ப நீங்க வீட்டு உடுப்போடவா நிப்பீங்க டீச்சர்?" என்றார்.

அவர் வேட்டி கட்டி முடிக்கும் வரை கெமராவோடு காத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் என் துறைத் தலைவராலும் அவரை மறித்திருக்க முடியாது.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் படப்பிரிவில் சில ஆண்டுகள் வேலை செய்தவள். வந்து குவியும் படங்களில் எது அச்சுக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதும், அதன் கீழே இரண்டு வரி எழுதுவதும் என் வேலை. படத்தில் இல்லாததை எழுதக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். ஒருவர் அழுகிறார் என்று எழுதும் முன் கண்ணீர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால், முகத்தைக் கையால் மூடியிருக்கிறார் என்பதோடு நிறுத்த வேண்டும். அந்த வேலையை விட்டுவிட்டுக் கலை வரலாறு படிக்கப் போனபோது மற்றவர்கள் பழைய விகாரைச் சுவரோவியங்களையும் வெண்கலச் சிலைகளையும் எடுத்துக்கொண்டார்கள். நான் தோட்டங்களில் நிற்கும் சிமெந்துக் காவல் சாமிகளை எடுத்தேன். இதில் கலை எங்கே இருக்கிறது என்று துறைத் தலைவர் கேட்டார். உருவம் இருக்கிறது, அதைப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு அது போதும் என்றேன். அவருக்கு அது போதவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பெல்மதுளையிலிருந்து ஓப்பநாயக்க போகும் பாதையில் ஒரு வளைவில் இறங்கினால் அந்தத் தோட்டத்துக்கு வழி தொடங்கும். மேட்டில் தேயிலை, பள்ளத்தில் ஓடைக்கரை வரை இறப்பர். ஓடைக்கரையில் ஒரு பெரிய மருத மரம், அதன் அடியில் முனியாண்டி. கூரை கிடையாது. சுற்றிலும் வெள்ளையடித்த கற்களை அரை வட்டமாகப் பதித்திருந்தார்கள். அந்தக் கல் வரிசைக்கு உள்ளே பெண்கள் போவதில்லை. நான் வெளியே நின்று நீளமான லென்ஸ் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தெரிந்தவரை எழுதி வைத்தேன். நின்ற கோலம். ஆள் உயரத்தை விடச் சற்று அதிகம். காக்கிச் சட்டை, பித்தளை நிறத்தில் பொத்தான்கள், அகலமான இடுப்புப் பட்டி. இடது கை துவக்கைத் தோளோடு அணைத்துப் பிடித்திருக்கிறது. நான் பார்த்த மற்றத் தோட்டங்களில் காவல் சாமிகளின் கையில் அரிவாளோ சூலமோ தண்டமோ இருந்தது. துவக்கு வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். வெள்ளைக்காரர் காலத்துச் சிப்பாயின் உருவத்தை ஒரு தோட்டத்து மேசன் சாமியாக்கியிருக்கிறார் என்பது என் வாதம். கட்டுரையையும் எழுதி முடித்திருந்தேன். அந்தக் கட்டுரையை நம்பித்தான் எனக்கு விரிவுரையாளர் வேலை நிரந்தரமாகும் நிலை.

பூசாரிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். பகலில் தேயிலைச் செடிகளின் கிளைகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். குள்ளம், அகன்ற தோள், சிங்களமும் தமிழும் ஒரே வேகத்தில் பேசுவார். வருஷத்தில் ஒரு நாள், திருவிழாவன்று, அவர் மேல் சாமி வரும். வந்தால் குதிகாலை ஓங்கி ஊன்றிச் சிப்பாய் மாதிரி நடப்பார், இடது கை தோளில் துவக்கைப் பிடித்தபடி இருக்கும் என்று அவருடைய மனைவி எனக்குச் செய்து காட்டினார். அந்த அக்கா எதைச் சொன்னாலும் செய்தும் காட்டுவார். பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரர் பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுகிற விதம் வரை எனக்குக் காட்டியிருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில் பள்ளத்து இறப்பர் மரங்களில் பால் வற்றிப் போனதால், புதுக்கன்று வைப்பதற்காகத் தோட்ட நிர்வாகம் அவற்றை வெட்டியது. இதனால் சாமிக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. மரங்கள் போனதும் பஸ் பாதையிலிருந்து ஓடைக்கரை வரை வெட்டவெளியாகிவிட்டது. தூரத்தில் மர நிழலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் துவக்கோடு அசையாமல் நின்றார். பத்திரிகையில் இருந்தபோது அந்தக் காட்சியின் படம் என் மேசைக்கு வந்திருந்தால், ஆயுதத்துடன் ஒருவர் என்றுதான் நானும் எழுதியிருப்பேன்.

ஒரு நாள் காலையில் அந்த வளைவில் இராணுவ லொறி ஒன்று சட்டென்று நின்றது. ஆட்கள் குதித்து இறங்கிச் சாலை ஓரத்தில் படுத்து ஓடைக்கரையைக் குறிவைத்தார்கள். மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சுடவில்லை. இரண்டு பேர் பதுங்கிப் பதுங்கிக் கிட்டே போய்ப் பார்த்தார்கள். அதில் ஒருவர் சிரித்துவிட்டாராம். மற்றவர் சப்பாத்தைக் கழற்றாமலே ஒரு கும்பிடு போட்டாராம். லொறி போய்விட்டது. ஆனால் இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போனாலே அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிற யுத்த காலம் அது. அன்று சாயந்தரம் லயத்தில் யாரும் வாசலுக்கு வரவில்லை என்று அக்கா சொன்னார்.

கோயில் கமிட்டித் தலைவர் பெல்மதுளைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எல்லோரும் அவரை முதலாளி என்றே கூப்பிட்டார்கள். திருவிழாச் செலவில் பெரும்பகுதி அவருடையது. எதையும் பகிடியாக, சிரிக்க வைத்தே பேசுவார். அடுத்த வாரமே அவர் என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அவருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும், நான் எதற்கு என்று கேட்டேன்.

"அது பழைய சிலைன்னு நீங்க சொன்னா சரித்திரம் மிஸ். நான் சொன்னா சாக்கு."

பொறுப்பதிகாரி எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். நான் கொண்டுபோன படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாலைக்குள் மறைந்த சாமியைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னார், அது சிமெந்து என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், வேறு ஊரிலிருந்து லொறியில் வருகிற பையனுக்குத் தெரியாது, எல்லாப் பையன்களும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சுடுவார்கள் என்று நான் எப்படிச் சொல்ல முடியும். துவக்கை எடு என்று நான் உத்தரவு போட மாட்டேன், போட்டால் பொலிஸ் கோயிலை உடைத்தது என்றாகிவிடும், நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்றார். திருவிழாவுக்கு அனுமதி தந்தார். இருட்டும் முன் முடிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வெளியே வந்ததும் முதலாளி, கமிட்டியைக் கூட்ட வேண்டும் என்றார். அவர் பகிடி இல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. துவக்கை எடுத்துவிடலாம் என்றார் முதலாளி. நான் துவக்குக்காகப் பேசினேன். எவ்வளவு பழையது, ஏன் அரிது, ஒருமுறை உடைத்தால் திரும்ப வராது என்றெல்லாம் சொன்னேன். பூசாரி என் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அவருடைய கவலை வேறு.

"துவக்கு இல்லாட்டி அவரு வரமாட்டாருங்க. எங்கப்பா செத்த வருஷத்துல இருந்து எம்மேல வர்றாரு. ஒரு வருஷமும் தவறல."

"அவரு எங்க போகப் போறாரு பூசாரி? அங்கேயேதானே நிக்கிறாரு."

"நிக்கிறது வேற மொதலாளி. வர்றது வேற."

அதை அவர் சத்தமில்லாமல்தான் சொன்னார். திருவிழாவன்று ஊரே சாமியிடம் வாக்குக் கேட்கும். பிள்ளைக்கு வேலை கிடைக்குமா, மகளைக் கேட்டு வந்த இடம் சரியா, காணாமல் போன ஆடு எந்தப் பக்கம். சாமி வராவிட்டால் அத்தனை பேரும் பதிலில்லாமல் வீட்டுக்குப் போவார்கள். வராததற்குத் துவக்கு காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஆளை விட்டு சாமி போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். அதை அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லாமல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கீழ் லயத்துப் பெண் ஒருவர் எழுந்து, அந்த மரத்தடி வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பூசாரி தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, சரி, எடுங்க என்றார். 

அடுத்த கேள்வி, கை வெறுமையாக இருக்க முடியாது, என்ன கொடுப்பது. அரிவாள் என்றார் முதலாளி. அரிவாளுக்கும் லொறி நிற்கும் என்றார் ஒருவர். கவ்வாத்துக் கத்தியைக் கொடுப்போம், அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது என்று தேயிலைக்காரர்கள் சொன்னார்கள். நீளமாகவும் முனை வளைந்தும் இருக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். இறப்பர்க்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி நிற்பது எங்கள் பள்ளத்தில், கொடுப்பதானால் பால் வெட்டுகிற கத்தியைக் கொடுங்கள் என்றார்கள்.

"அந்தச் சின்னக் கத்தியையா? அத வச்சி அவரு நெகந்தான் வெட்டலாம்."

"உங்க கத்திய வச்சி முந்தாநேத்து நீ சொந்த வெரலையே வெட்டிக்கிட்டியேப்பா."

கடைசியில் கையில் கவ்வாத்துக் கத்தி, இடுப்பில் இறப்பர்ப் பால் பிடிக்கிற சிரட்டை ஒன்று, அதில் திருநீறு என்று முடிவானது. கலை வரலாற்றில் ஓர் உருவத்தின் கையில் இன்ன பொருள் எப்படி வந்தது என்று ஊகித்துப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அது முடிவாவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தது அந்த ஒரு தடவைதான். நடுவில் இரண்டு முறை தேநீர் கொடுத்தார்கள்.

வேலை தொடங்கும் முன் சாமியைச் சிலையிலிருந்து எடுத்துக் கும்பத்தில் வைக்க வேண்டும். ஐயர் யாரையும் கூப்பிடவில்லை. பூசாரியே ஒரு செம்பில் ஓடைத் தண்ணீர் எடுத்து, மாவிலையும் தேங்காயும் வைத்து, சிலையின் நெஞ்சிலிருந்து செம்பு வரை மஞ்சள் நூல் ஒன்றைக் கட்டினார். தீபம் காட்டி நூலை அறுத்தார். செம்பைத் தலையில் வைத்து, யாரோடும் பேசாமல், மேட்டு வழியாக மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனார். கற்களுக்கு வெளியே நின்ற நாங்கள் வழிவிட்டோம்.

அவர் கண்ணுக்கு மறைந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"வாங்க டீச்சர். இப்ப வெறும் சிமெந்துதான்."

சொல்லிக்கொண்டே கல் வரிசையைத் தாண்டிவிட்டார். பின்னாலேயே கீழ் லயத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நானும் தாண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிறந்ததிலிருந்து தூரத்தில் பார்த்துக் கும்பிட்டவரை அவர்கள் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள். மூக்கு கொஞ்சம் பெரிது என்றார் ஒருவர். கண் நல்ல கண் என்றார் இன்னொருவர். காதில் கடுக்கன் போட ஓட்டை இருப்பதை ஒரு பெண் கண்டுபிடித்தார். நான் மாதக்கணக்கில் லென்ஸ் வழியாகப் பார்த்தும் கண்டிராத ஓட்டை அது. பிறகு அக்கா அந்தச் சிவப்புத் துணியைத் தூக்கினார். சட்டையும் பட்டியும் பொத்தானும் அவ்வளவு ஒழுங்காகச் செய்த மேசன், காலை வெறுங்காலாக விட்டிருந்தார்.

"சப்பாத்து எங்க?"

"கோயில்ல நிக்கிறாருல்ல. கழட்டி வெளிய விட்டுட்டாரு."

ஓர் அம்மா குனிந்து சாமியின் விரல்களைத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். இடது காலில் ஆறு விரல்கள் இருந்தன. எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு கணம் யாருக்கும் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. முதலில் சிரித்தது அக்காதான்.

"அதான் எங்க வீட்டுக்காரரு திருவிழா அன்னைக்கு அந்த வேகத்துல நடக்கிறாரு."

அன்று பகல் முழுவதும் படம் எடுத்தேன். முன், பின், பக்கம், விரல், காது, பொத்தான். நான் கேட்ட வெளிச்சத்துக்காக அந்தப் பெண்கள் சேலைத் தலைப்பை விரித்து வெயிலை மறைத்தார்கள். பிற்காலத்தில் நான் படிப்பித்த வகுப்புகளில் எல்லாம் காட்டியது அந்த ஸ்லைட்களைத்தான். சில படங்களில் ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பும் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கையும் இருக்கும். அந்த ஓரத்தை நான் வெட்டி எடுக்கவில்லை. துவக்கு போகக் கூடாது என்று வாதாடியவள் நான். அது போவதாக இருந்ததால்தான் எனக்கு அந்தப் படங்கள் கிடைத்தன.

மறுநாள், எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுகிற மேசன் வந்தார். ஓப்பநாயக்கப் பக்கத்துச் சிங்களவர், விகாரைகளுக்குச் சிலை செய்கிறவர். கல் வரிசைக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். சாமி உள்ளே இல்லை என்று பூசாரி சொல்லியும் கேட்காமல், தானே ஒரு கற்பூரம் ஏற்றி, மன்னிக்கச் சொல்லிச் சிங்களத்தில் முணுமுணுத்துவிட்டுத்தான் உளியை எடுத்தார்.

துவக்கு பெரிய துண்டுகளாகக் கழன்று வந்தது. முதல் துண்டை வாங்கிப் பார்த்தேன். உடைந்த விளிம்பில் வர்ணங்கள் அடுக்காகத் தெரிந்தன. மேலே கறுப்பு, அதன் கீழே தவிட்டு நிறம், அதற்கும் கீழே பச்சை. துண்டைத் திருப்பினேன். உள்பக்கம் நீளமாகக் குழிந்து வழுவழுவென்று இருந்தது. ஒரு சாணுக்கு ஒரு வளையம் என்று குழிக்குள் கோடுகள். மூங்கிலின் கணு. முதலில் அந்தக் கையில் இருந்தது ஒரு மூங்கில் கம்பு. பிறகு யாரோ அந்தக் கம்பின் மேலேயே சிமெந்தைப் பூசித் துவக்காக்கியிருக்கிறார்கள். கம்பு எப்போதோ உளுத்துக் கொட்டிவிட்டது, அதன் அச்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

சிப்பாய் பற்றிய என் வாதத்தில் பாதி அங்கே போயிற்று. துவக்கு உடம்போடு சேர்த்துச் செய்யப்பட்டது என்பதன் மேல்தான் அந்தப் பாதி நின்றது. இரவோடு இரவாகத் திருத்தி எழுதுகிற அவசரம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. கணுக்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். அச்சுக்குப் போகும் முன் பிழை பிடிபட்டால் படப்பிரிவில் எங்களுக்கு வருகிற சந்தோஷம் அது.

பூசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இது முதலில் கம்பு, துவக்கு பிறகு வந்தது என்றேன். கம்புச் சாமியாக இருந்த காலத்திலும் யார் மேலோ வந்திருப்பார்தானே என்று அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"கம்ப யாரு குடுத்தா?"

"தெரியாது."

"துவக்க யாரு குடுத்தா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப என்னத்த டீச்சர் கண்டுபிடிச்சீங்க?"

சாமிக்கு உரியது உடைந்தால் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். ஒரு துண்டை ஆய்வுக்காகக் கேட்டேன். படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொஞ்ச நேரம் தந்தார். பிறகு வாங்கி, மற்றவற்றோடு சேர்த்து ஓடையில் இறக்கினார். முதலாளி கரையில் நின்று, துவக்கு இப்படியே மிதந்து கடலுக்குப் போய்விட்டால் கடற்படை வந்து விசாரிக்கும் என்றார். பூசாரி சிரிக்கவில்லை. பாஸ் புதுக் கத்தியைச் சிலையின் கையில் பொருத்திப் பூசியதும், பூசாரி எட்ட நின்று கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பகலெல்லாம் தான் பிடிக்கிற கத்தி என்பதால் பிடித்த கோணம் சரியில்லை என்று ஒரு முறை மாற்றச் சொன்னார். 

கும்பத்திலிருந்து சாமி சிலைக்குத் திரும்பிய காலையில், யாரும் சொல்லாமலே பெண்கள் கல் வரிசைக்கு வெளியே நின்றார்கள். நானும் நின்றேன். ஆறு விரலைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசியதாக நான் கேட்கவில்லை.

திருவிழாவுக்குச் சில நாள் முன்பு முதலாளி ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். சாமி வந்து துவக்கைக் கேட்டால் என்ன சொல்வது என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. லைசன்ஸ் புதுப்பிக்க அனுப்பியிருக்கிறோம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்றாராம். கடைத்தெரு முழுவதும் அது பரவிச் சிரித்துவிட்டார்கள். சாமி கேட்கிற அளவுக்கு வருமா என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

பின்னேரம் தப்புக் கொட்டத் தொடங்கியது. பூசாரி குளித்து ஈரத் துணியோடு சிலையைப் பார்த்து நின்றார். மற்ற வருஷங்களில் தப்பு சூடேறும் முன்பே சாமி வந்துவிடுவார் என்று அக்கா சொல்லியிருந்தார். அன்று வரவில்லை. கொட்டுகிறவர்கள் அடியை மாற்றினார்கள். ஒருவர் களைத்துப் போய் இன்னொருவரிடம் தப்பைக் கொடுத்தார். வெயில் மருத மரத்தின் அடிக் கிளைக்கு இறங்கிவிட்டது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக இருந்தார். பூசாரியின் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அது சாதாரண முதுகாகவே இருந்தது, மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. என் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

முதலில் அசைந்தது இடது குதிகால். ஒரு முறை தரையில் அடித்தது. இன்னொரு முறை. பிறகு உடம்பு முழுவதும் நிமிர்ந்து திரும்பியது. அக்கா என் தோளைப் பிடித்த இடத்தில் இரண்டு நாள் நோவு இருந்தது.

குதிகால் ஊன்றி, நேராக, கல் வரிசை வரை நடந்து வந்தார். இடது கை தோளுக்குப் போயிற்று. விரல்கள் அங்கே எதையோ தேடின. கிடைக்கவில்லை. மறுபடி தேடின. நின்றுவிட்டார். தப்பும் நின்றது.

"என் துவக்கு எங்கடா?"

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் முன்னால் வந்து கைகட்டி நின்றார். வாயைத் திறந்தார். தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை.

"பயமா இருந்துச்சி சாமி. அதான் எடுத்தோம்."

"யாருக்குப் பயம்?"

"எல்லாருக்கும். எனக்குத்தான் கூட."

அந்த வருஷங்களில் அந்தச் சொல்லை வெளியில் யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் சொல்ல மாட்டார்கள், பஸ்ஸில் சொல்ல மாட்டார்கள், பத்திரிகையிலும் நாங்கள் எழுதியதில்லை. பாதையில் ஒரு பஸ் வளைவில் வேகம் குறைத்துப் போகிற சத்தம் கேட்டது. சாமி முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் போய்ச் சிலையின் இடுப்புச் சிரட்டையில் கையை விட்டுத் திருநீற்றை அள்ளி வந்து, அவர் நெற்றி முழுவதும் பூசினார். கண்ணுக்குள்ளும் கொஞ்சம் போயிற்று.

"புள்ளைங்கள நீ பாத்துக்க. என்னைய நான் பாத்துக்கிறேன்."

தப்பு மறுபடி கொட்டத் தொடங்கியது. மற்ற ஆட்கள் வரிசையாக வந்து கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். காணாமல் போன ஆடு ஓப்பநாயக்கப் பக்கம் என்று சொல்லப்பட்டது. இருட்டும் முன் எல்லாம் முடிந்தது.

சாமி மலையேறிய பிறகு பூசாரி கல் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வையும் திருநீறும். அக்கா கொடுத்த பிளேன் டீயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. என்னைப் பார்த்ததும் கிட்டே வரச் சொன்னார்.

"வந்தாரா டீச்சர்?"

"நாந்தான் வந்தாருன்னு சொன்னேன்ல," என்றார் அக்கா.

"நீ வந்தாருன்னுதான் சொல்லுவ. டீச்சர் சொல்லட்டும்."

பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொன்னேன். வெகு நேரம் வரவில்லை என்பதையும் சொன்னேன். இடது குதிகால், நடை, தோளில் தேடிய கை, கேட்ட கேள்வி, முதலாளி சொன்ன பதில், அதற்குச் சாமி சொன்னது. அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். தூரத்தில் முதலாளி கண்ணைக் கழுவிக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, அக்காவுக்குக் கேட்காத மாதிரி கேட்டார்.

"கத்தியப் பாத்தாரா?"

யோசித்துப் பார்த்தேன். சிரட்டைக்குள் கை போனபோது கத்தி அவர் முகத்துக்கு நேராக இருந்தது. கண் அந்தப் பக்கம் போகவில்லை.

"பாக்கல," என்றேன்.

அவர் டீயை ஒரு மிடறு குடித்தார்.

"சரி. வந்துட்டாருல்ல. அடுத்த வருசம் பாப்பாரு."